மாற்றுத்திறன் மாணாக்கரும் பொதுப் பள்ளியும்: சட்டம் கூறும் உரிமைகள்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்து வருவது பெற்றோர் கடன் என்றும், அப்பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது தலைமை உபாத்தியாயர் செய்யும் உபகாரம் என்றும் நம் நாட்டு மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். மற்றைப் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கண் பார்வை குன்றியும், செவி கேளாதும், கால் வழங்காதும், அறிவு வளர்ச்சி தாமதித்தும் உள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரையில் அஃது இன்னும் மறைந்தபாடில்லை. “இப்பிள்ளையை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது அம்மா? இவனுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் விடுங்கள்” என்று சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் தீயவர் அல்லர், பிள்ளையின் நன்மையை நினைந்தே அவ்வாறு சொல்லுகின்றார். ஆயினும் சட்டப்படி அது சொல்லத்தக்க சொல் அன்று. ஏன் அன்று என்பதை ஒருவாறு விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

எம் ஊராகிய நாமகிரிப்பேட்டை, இராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், ஒருபுறம் போதமலையும் மறுபுறம் கொல்லிமலையும் காண நிற்பது. வெளியூரார் இவ்வூர்ப் பெயரைக் கேட்டால் மஞ்சளையும், நாதசுர வித்துவான் கிருஷ்ணன் அவர்களையும் நினைப்பர். சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிற் பெரும்பாலார் காட்டு வேலையால் வாழ்பவர்; தை முதல் பங்குனி வரையில் மஞ்சள் வெட்டவும், வேகவைக்கவும், உலர்த்தவும் ஆணும் பெண்ணும் விடியுமுன் புறப்பட்டுவிடுவர். இத்தகைய குடும்பம் ஒன்றில் செவி கேளாத ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அவன் அக்காள் நடந்து செல்லும் தொடக்கப்பள்ளி ஒரு கல் தொலைவில் இருக்கிறது. செவித்திறன் குறைந்தோர்க்கான தனிப் பள்ளியோ நகரத்திற்றான் இருக்கும். அங்குச் சேர்ப்பதாயின் அவனை விடுதியில் விட்டு வர வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டு வரும்படி ஒரு தாயிடம் சொல்ல அதிகாரம் உடையவர் யார்? இக்கேள்வியை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் வேலையை முதன்முதற் கையிலெடுத்தவர்கள் மிஷன் சங்கத்தார். 1890-களில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், சுவெயின்சன் அம்மையார் செவிகேளாதோர்க்கும் பள்ளிகளை நடத்தலாயினர். அவ்விரு பள்ளிகளின் வழியாக எத்தனையோ பேர் எழுத்தும் தொழிலும் கற்று வாழ்வு பெற்றனர். அவ்வம்மையார்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுதல் நன்றியின்மையாகும். ஆனாலும் ஒன்றை நாம் மறுக்க இயலாது. அக்கல்வி கருணையாற் கிடைத்தது. இடம் இருந்தால் சேர்ப்பர், இல்லையேல் திருப்பி அனுப்புவர். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை எந்த நியாயஸ்தலத்திற் போய் முறையிட இயலும்? கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கும் பொருளுக்கும், கேட்பவர் தலைநிமிர்ந்து கேட்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு 41-ஆம் பிரிவில், உடற்குறை முதலிய நிலைகளில் கல்வியும் பொது உதவியும் பெறும் உரிமையை, அரசின் பொருள் வலிமைக்கு உட்பட்டு, ஏற்படுத்த வேண்டும் என்று கூறிற்று. அது வழிகாட்டும் நெறியாக மட்டும் இருந்தமையால் எவரும் அதனைக் கொண்டு வழக்காட இயலவில்லை. 1995-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளர் சட்டமே முதன்முதலாக, பதினெட்டு வயது வரையில் இலவசக் கல்வி என்பதைச் சட்ட வாசகமாக்கியது. அச்சட்டம் குறைபாடுகளை ஏழு வகையாகவே எண்ணிற்று. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தால் 21-அ என்னும் பிரிவு அரசியலமைப்பிற் சேர, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. அதனை நிறைவேற்ற 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடையில், 2007 அக்டோபர் 1-ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்தது. அதன் பயனாகப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2016-இல் இயற்றப்பட்டதே இப்பொழுதுள்ள மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் இது வழங்கி வருகின்றது. இனி நாம் பேசுவது பெரும்பாலும் இச்சட்டத்தைப் பற்றியே.

பிற நாடுகளில் இவ்வுரிமை எங்ஙனம் பிறந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்துப் பள்ளிக் குழுவின் மேல் ஒரு வழக்கு நடந்தது. குறைபாடுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பணம் போதவில்லை என்று குழுவினர் வாதித்தனர். பணம் போதாதாயின் அக்குறைவு எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழ வேண்டுமேயன்றி, இப்பிள்ளைகளின் தலையில் மட்டும் விழலாகாது என்று நீதிபதி தீர்த்தார். பென்சில்வேனியா மாகாணத்திலும் அதே காலத்தில் ஒரு வழக்கு நடந்தது. இவ்விரண்டின் பயனாகவே 1975-இல் அந்நாட்டுச் சட்டம் பிறந்தது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் “நிதி இல்லை” என்னும் விடை அடிக்கடி கேட்கப்படுவதாதலின், அந்நீதிபதியின் நியாயம் நமக்கும் நினைவில் வைக்கத்தக்கதே.

இனிச் சட்டத்தின் உள்ளே புகுவோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளை 21 வகையாக விரித்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, குள்ளத்தன்மை, தலசீமியா போன்ற இரத்த நோய்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுள் பள்ளி ஆசிரியர் அனைவரும் தனியே கவனிக்க வேண்டியது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது. பேச்சில் கெட்டிக்காரனாகவும், மனக்கணக்கில் வல்லவனாகவும் இருக்கும் ஒரு மாணவன், எழுத்தைக் கண்டவுடன் தடுமாறுவான், ‘ள’கரமும் ‘ன’கரமும் அவன் கண்ணுக்கு இடம் மாறும், கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதி வரியில் நிற்பான். முற்காலத்து உபாத்தியாயர் இவனை மந்தபுத்தி என்று பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினர். அவன் தந்தையும் ‘படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லிக் காட்டு வேலைக்கு அனுப்பினார். இன்று சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இத்தகைய குறைபாட்டைக் கூடிய விரைவிற் கண்டறிந்து தக்க கற்பிக்கும் முறையை மேற்கொள்ளும் கடமையைப் பள்ளியின்மேல் வைக்கின்றது. பிரம்பை எடுக்க நீண்ட கையைச் சட்டம் வேறு வேலைக்கு ஏவுகின்றது என்று சொல்லலாம். (பிரம்படியோவெனில், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவால் எல்லாக் குழந்தைகள் பொருட்டும் தடுக்கப்பட்டுள்ளது.)

இவ்விடத்தில் பலர் மயங்கும் ஒரு செய்தி உண்டு. நூற்றுக்கு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உண்டென்று மருத்துவர் சான்று தந்தால், அவரைச் சட்டம் அளவுகோல் குறைபாடு உடையவர் என்கிறது. நாற்பதுக்குக் கீழே சான்று பெற்ற பிள்ளைக்கு எந்த உரிமையும் இல்லை எனப் பெற்றோரும், சில அலுவலரும் எண்ணுகின்றனர். அது தவறு. இலவசக் கல்வியைப் பதினெட்டு வயது வரை நீட்டும் 31-ஆம் பிரிவு, புத்தகமும் துணைக் கருவிகளும் பதினெட்டு வயது வரை விலையின்றி அளிக்கும் விதி, உயர் கல்வியில் இட ஒதுக்கீடு ஆகியவற்றிற்கே நாற்பது விழுக்காடு வேண்டும். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளுதல், கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக்குதல், தேவைக்கேற்ற வசதி செய்தல் ஆகிய 16-ஆம் பிரிவின் கடமைகளோ குறைபாடுடைய எல்லா மாணாக்கர்க்கும் உரியவை. 2021 பிப்ரவரி 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இதனை மேலும் தெளிவாக்கிற்று. எழுதுங்கால் கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தமக்கு எழுதித் தருவோர் ஒருவர் வேண்டுமெனக் கேட்க, நாற்பது விழுக்காடு இல்லை என்று மறுக்கப்பட்டார். அளவுகோலைக் காட்டி வசதியை மறுத்தல் சட்டத்தின் கருத்துக்கு மாறானது என நீதிமன்றம் கூறிற்று.

இப்பொழுது நம் செவி கேளாத சிறுவனிடம் திரும்புவோம். 31-ஆம் பிரிவின் வாசகம் மிகச் சிறியது; ஆனால் அதிலுள்ள ஒரு சொல்லில் அவன் வாழ்வே அடங்கியிருக்கிறது. ஆறு முதல் பதினெட்டு வயது வரையுள்ள அளவுகோல் குறைபாடுடைய ஒவ்வொரு குழந்தைக்கும், அண்மைப் பள்ளியிலாயினும் தனிப் பள்ளியிலாயினும், அக்குழந்தையின் விருப்பப்படி இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அது. விருப்பம் என்பதே அச்சொல். விருப்பம் குழந்தையினுடையது, அதன் சார்பாகப் பெற்றோருடையது. தலைமையாசிரியருடையது அன்று, வட்டாரக் கல்வி அலுவலருடையதும் அன்று. ஆகவே, “தனிப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள்” என்று ஆலோசனை கூறலாம். அதனையே காரணமாகக் காட்டிச் சேர்க்க மறுக்கலாகாது. அவ்வாறே, பல்வகைக் குறைபாடோ கடுங்குறைபாடோ உடைய பிள்ளை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கல்வி உரிமைச் சட்டத்திற் சேர்த்தது. அதுவும் பிள்ளை தேர்ந்தெடுக்கத்தக்க உரிமையாகக் கொடுக்கப்பட்டதேயன்றிப் பள்ளிக்கூடம் தன் வாயிலை மூடிக்கொள்ளக் கொடுக்கப்பட்ட அனுமதி அன்று. வீட்டுவழிக் கல்வி எனப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிள்ளையை மறந்துவிடுதல் இத்திருத்தத்தின் கருத்தைத் தலைகீழாக்குவதாகும்.

விருப்பம் என்று சொல்லிவிட்டால் போதுமா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வியே. செவி கேளாத பிள்ளை பொதுப் பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்தும் ஒரு சொல்லும் விளங்காமல் ஆண்டு முழுவதும் கழிப்பானாயின், அவன் பள்ளியிற் சேர்ந்தும் சேராதவனே. சைகை மொழி அறிந்த தோழர் பலர் நடுவே வளரும் வாய்ப்பைத் தனிப் பள்ளி தரும். அதனாற்றான் செவிகேளாதோர் சங்கங்களிற் பல இன்றும் தனிப் பள்ளிகளை விரும்புகின்றன. இதற்கு மறுதலையாக, கால் குறையுடைய பிள்ளையைத் தனிப் பள்ளிக்கு அனுப்புவதில் பொருளே இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரு சாய்தளமும், தரைத்தள வகுப்பும், கதவு அகன்ற கழிப்பறையும் மட்டுமே. சட்டம் இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருப்பது இதனை அறிந்தே. அத்துடன் பொதுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த செவி கேளாத பிள்ளைக்கும், பார்வையற்ற பிள்ளைக்கும், அவரவர்க்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவு விதிக்கின்றது. சைகை மொழியும் பிரெயில் எழுத்தும் இதில் அடங்கும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இலேயே அமைந்துவிட்டது. எழுத்து இல்லை என்னும் சாக்கு ஏழு பதிற்றாண்டுகளாக இல்லை.

பள்ளி செய்ய வேண்டியவற்றுள் பல செலவற்றவை என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் அறிவர். சட்டம் ‘நியாயமான ஏற்பாடு’ என்று குறிப்பிடுவது, அளவு மீறிய சுமையை உண்டாக்காத தக்க மாறுதலை. மாடியில் நடக்கும் ஐந்தாம் வகுப்பைக் கீழே மாற்றுதல். உதட்டசைவைக் காணும்படி பிள்ளையின் முகத்தை நோக்கிப் பேசுதல். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் சொல்லாதிருத்தல். பார்வை மங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் எழுதித் தருதல். இவற்றிற்கு எந்த அரசாணைக்காகவும் காத்திருக்க வேண்டுவதில்லை. செலவுள்ளவை வேறு. போக்குவரத்து வசதி, துணைக்கு வருவோர்க்கான வசதி, கட்டட மாறுதல் ஆகியவை அரசின் கடமை. தடையற்ற வழி ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திற்கும் வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. அணுகல் விதிகள் வெறும் ஆலோசனைகளாக இருத்தல் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 17-ஆம் பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாறுதல் செய்யக் கட்டளையிடுகிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் இச்சலுகைகள் வழங்கப்படுகின்றன. ஆயின் விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றுடன், உரிய காலத்திற் போய்ச் சேர வேண்டும். மார்ச்சு மாதத்தில் தேர்வுக் கூடத்து வாயிலில் நின்று கேட்பதாற் பயனில்லை. இதனைச் சலுகை என்று சொல்லும் வழக்கமே எனக்கு உடன்பாடன்று. மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வு எழுதும் மாணவனைச் சலுகை பெற்றவன் என்று யாரும் சொல்வதில்லையே!

குறை எங்கே இருக்கின்றதெனில், பெரும்பாலும் ஆசிரியர் தொகையில் இருக்கின்றது. ஊராட்சி ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் சிலர் பல பள்ளிகளுக்கும் சுற்றி வருகின்றனர். தொகுப்பூதியத்தில் வேலை செய்கின்றனர். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வந்து போகும் ஆசிரியரால் பிரெயில் கற்றுக்கொடுக்க இயலுமா? 2021 அக்டோபர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணாக்கர் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று அளவு வகுத்தது. சுற்றி வரும் முறையை இடைக்கால ஏற்பாடாகவே அது ஒப்புக்கொண்டது. இடைக்காலம் எப்பொழுது முடியும் என்பது அரசாங்கங்கள் விடை கூற வேண்டிய கேள்வி.

மற்றொரு இடர், சான்று பெறுவது. மாவட்டத் தலைநகருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், மருத்துவக் குழுவின் முன் நிறுத்தி, அடையாள அட்டை பெறுவதற்குள் ஏழைப் பெற்றோர்க்குக் கூலி பலமுறை போய்விடும். அதிலும் மஞ்சள் வெட்டும் நாட்களாயின் சொல்ல வேண்டுவதில்லை. அதற்காகவே வட்டார அளவில் மருத்துவ முகாம்கள் நடத்தப்படுகின்றன. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. சான்று வரும் வரையில் பிள்ளையைச் சேர்க்காதிருக்க எந்தச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்று கூடச் சேர்க்கையை மறுத்தலாகாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. தகுதித் தேர்வு வைத்தலும் 13-ஆம் பிரிவால் தடுக்கப்பட்டுள்ளது.

உரிமை மறுக்கப்பட்டால் என்ன செய்வது? முதலில், மறுப்பை எழுத்திற் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாக மறுப்பவர் பலர், எழுதித்தரும்படி கேட்டவுடன் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் 16, 31-ஆம் பிரிவுகளைக் கவனிப்பதற்கென்றே ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு விதி. அவர்க்கு விண்ணப்பம் செய்யலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். அதற்கு மேல், மாநில மாற்றுத்திறனாளர் ஆணையர் இருக்கின்றார். அவர்க்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிடின் காரணம் கூற வேண்டும். இறுதியாக உயர் நீதிமன்றம். வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளர்க்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டந்தோறும் அவ்வாணையம் இருக்கிறது.

வழக்கிற்குப் போகாமலே பல காரியங்களை முடிக்கத்தக்க இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோர்க்கும் தக்க விகிதத்தில் இடம் வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றுத்திறன் குழந்தைகளும் நலிவுற்ற பிரிவிற் சேர்ந்தனர். ஆகவே, மஞ்சட் காட்டில் வேலை செய்யும் அந்தத் தாய் அக்குழுவில் உட்கார்ந்து, சாய்தளம் ஏன் கட்டப்படவில்லை என்று கேட்கச் சட்டமே நாற்காலி இட்டிருக்கிறது.

பெயரிட்டு அழைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியதுண்டு. நொண்டி, செவிடு என்று பிள்ளையை அழைப்பது கிராமங்களில் வெறும் வழக்காகவே இருந்துவிட்டது. ஆனால் பலர் பார்க்கும் இடத்தில், இழிவுபடுத்தும் கருத்துடன் மாற்றுத்திறனாளர் ஒருவரை வேண்டுமென்றே அவமதித்தல், 92-ஆம் பிரிவுப்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரையில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வகுப்பறையும் பலர் பார்க்கும் இடமே என்று வாதிக்க இடமுண்டு.

முடிவாக, நம் கலாசாலை மாணவர்க்கு நேரே உரிய விதி ஒன்று. 32-ஆம் பிரிவின்படி, அரசாங்க உயர் கல்வி நிலையங்கள் மட்டுமன்றி அரசின் உதவித்தொகை பெறும் கல்லூரிகளும், நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை அளவுகோல் குறைபாடுடைய மாணாக்கர்க்கு ஒதுக்க வேண்டும். சேர்க்கைக்குரிய வயது வரம்பிலும் அவர்க்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது மூன்றாக இருந்தது. ஐந்து இடம் ஒதுக்கியும் இரண்டு பேரே விண்ணப்பித்தனர் என்று ஒரு கல்லூரி கூறுமாயின், அதன் காரணத்தை அக்கல்லூரியில் மட்டும் தேடுதல் போதாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு சிற்றூரில், ஒரு தொடக்கப்பள்ளி வாயிலில், ஒரு தாயிடம் என்ன விடை கூறப்பட்டது என்பதையும் விசாரிக்க வேண்டும்.